வெறுங்கையால் முழம் போடலாமா?

பூக்கடையில் ஒரு முழம் பூ வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பூவை அல்ல, பூக்காரரின் கையை. நீளமான கை என்றால் நாலு கண்ணி கூடுதலாகக் கிடைக்கும். குட்டைக் கை என்றால் "இதுதான் ஒரு முழமா?" என்று கேட்டு ஒரு சாண் கொசுறு வாங்கிக்கொள்ளலாம். பூவில் அந்த வித்தியாசம் சில ரூபாயோடு போய்விடும்.

வயலில் அப்படிப் போவதில்லை. வாழைக்குக் குழி குறிக்கும்போதும், தென்னைக்கு இடைவெளி விடும்போதும், களைக்கொல்லி தெளிக்கும் முன் "இது எத்தனை சென்ட் இருக்கும்?" என்று காலடியால் அளக்கும்போதும் அதே முழமும் அதே கெஜமும்தான் பயன்படுகின்றன. அங்கே ஏற்படும் தவறு உரச் செலவிலும் மருந்துச் செலவிலும் மகசூலிலும் வந்து நிற்கும். தென்னையில் என்றால் அறுபது ஆண்டுகளுக்கு நிற்கும்.

முழத்தை விட்டுவிடுங்கள் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. கையளவு எப்போதும் கூடவே இருக்கும் கருவி. ஆனால் அந்தக் கை எத்தனை சென்டிமீட்டர் என்று ஒருமுறை அளந்து தெரிந்துகொண்ட பிறகே அது கருவி ஆகும்.

கையும் கெஜமும்: அடிப்படைக் கணக்கு

நம் ஊர்க் கணக்கில் 12 விரல்கடை ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். 2 முழம் ஒரு கெஜம். 2 கெஜம், அதாவது 4 முழம், ஒரு பாகம். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை உள்ள நீளம் அது. கிணற்றின் ஆழத்தைக் கயிற்றால் பார்க்கும் பெரியவர்கள் இன்றும் பாகக் கணக்குதான் சொல்வார்கள்.

இந்த அளவுகளை அங்குலத்தோடும் மீட்டரோடும் பொருத்தினால் இப்படி வரும்:

ஒரு விரல்கடை = முக்கால் அங்குலம் = 1.9 செ.மீ.
ஒரு சாண் = 9 அங்குலம் = 22.9 செ.மீ.
ஒரு முழம் = 18 அங்குலம் (ஒன்றரை அடி) = 45.7 செ.மீ.
ஒரு கெஜம் = 36 அங்குலம் (3 அடி) = 91.4 செ.மீ.
ஒரு பாகம் = 72 அங்குலம் (6 அடி) = 182.9 செ.மீ.

முழத்தைக் கெஜமாக்க இரண்டால் வகுங்கள். கெஜத்தை முழமாக்க இரண்டால் பெருக்குங்கள். மனதில் நிற்க வேண்டுமானால் புடவையையும் வேட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கெஜம் புடவைக்கு இன்னொரு பெயர் பதினெட்டு முழப் புடவை. எட்டு முழ வேட்டி 4 கெஜம். நாலு முழ வேட்டி 2 கெஜம், அதாவது 6 அடி.

யாருடைய முழம்?

மேலே சொன்ன 45.7 செ.மீ. என்பது ஏட்டில் உள்ள முழம். முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை டேப் வைத்துப் பாருங்கள். 42 செ.மீ. உள்ளவர்கள் இருக்கிறார்கள், 50 செ.மீ. உள்ளவர்களும் இருக்கிறார்கள். வயலில் குழி குறிப்பவர் யாரோ, அவருடைய முழம்தான் அந்த வயலின் முழம்.

வாழையை எடுத்துக்கொள்வோம். 4 முழத்துக்கு 4 முழம், அதாவது 6 அடிக்கு 6 அடி என்று நட நினைக்கிறீர்கள். ஏட்டுக் கணக்குப்படி ஏக்கருக்கு 1,210 கன்றுகள் பிடிக்கும். 42 செ.மீ. கை உள்ளவர் அளந்தால் இடைவெளி 1.68 மீட்டர்தான், ஏக்கருக்கு 1,434 கன்றுகள் ஏறிவிடும். 50 செ.மீ. கை உள்ளவர் அளந்தால் இடைவெளி 2 மீட்டர். 1,012 கன்றுகளோடு நின்றுவிடும். இருவரும் "நாலு முழம்தான் வைத்தேன்" என்றே சொல்வார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான்.

முதல் வயலில் 224 கன்றுகள் கூடுதல். வாழைக்கு மரம் ஒன்றுக்கு 110 கிராம் தழைச்சத்தும் 330 கிராம் சாம்பல் சத்தும் பரிந்துரை என்றால், இந்தக் கூடுதல் மரங்களுக்கு மட்டும் சுமார் 54 கிலோ யூரியாவும் 123 கிலோ பொட்டாஷும் வேண்டும். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்ற கணக்கில் உரம் போடுபவராக இருந்தால், செலவு கூடாது. ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் கிடைக்க வேண்டியதில் ஆறில் ஒரு பங்கு குறைந்துபோகும். நெருக்கத்தால் காற்றோட்டம் குறையும், இலையில் ஈரம் காயாது, இலைப்புள்ளி நோய் சீக்கிரம் பரவும். இரண்டாவது வயலில் 198 மரங்கள் குறைவு. அவ்வளவு தார்களும் வராமலே போகின்றன. அந்த இடத்தில் களை வளரும்.

ஒரே வயலில் இரண்டு ஆட்கள் இரண்டு முனைகளிலிருந்து தங்கள் தங்கள் கையால் குறித்துக்கொண்டு வந்தால் இன்னொரு சிக்கல். வரிசைகள் நடுவில் சேராது. ஒரு திசையில் ஓடும் களையெடுக்கும் கருவி குறுக்குத் திசையில் ஓடாது.

தென்னையில் இந்தத் தவறு இன்னும் பெரிது. 25 அடிக்கு 25 அடி வைத்தால் ஏக்கருக்கு 70 மரங்கள். 25 அடி என்பது எட்டு கெஜமும் ஓர் அடியும். முழத்தில் பதினாறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. அதை "பதினேழு முழம்" என்று முழுமையாக்கிக் குறிப்பது வழக்கம். 42 செ.மீ. கையால் பதினேழு முழம் போட்டால் இடைவெளி 7.14 மீட்டர், ஏக்கருக்கு 79 மரங்கள். 50 செ.மீ. கையால் போட்டால் 8.5 மீட்டர், 56 மரங்கள். வாழையில் தவறினால் அடுத்த நடவில் திருத்தலாம். தென்னையில் மட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பிறகுதான் தவறு கண்ணில் படும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

நீளத்தில் சாண், பரப்பில் முழம்

"சாண் ஏறினால் முழம் சறுக்கும்" என்பார்கள். அளவுத் தவறும் அப்படித்தான் பெருகும். 42 செ.மீ. முழம் ஏட்டு முழத்தைவிட 8 சதவீதம் குறைவு. நீள அகலம் இரண்டையும் அந்தக் கையால் அளந்தால் பரப்பில் சுமார் 16 சதவீதம் குறையும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்தால் கொள்ளளவில் 22 சதவீதம் குறையும்.

தென்னங்குழிக்கு இது நேரடியாகப் பொருந்தும். பரிந்துரை 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். அதாவது எல்லாப் பக்கமும் ஒரு கெஜம், இரண்டு முழம். குட்டைக் கையால் இரண்டு முழம் அளந்து வெட்டிய குழியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மண் வெட்டாமல் நிற்கிறது. குழிக்கு இவ்வளவு என்று பேசிய கூலியை முழுதாகக் கொடுத்திருப்பீர்கள். வேர் ஓட வேண்டிய இளகிய மண் முழுதாகக் கிடைத்திருக்காது.

வரப்பு போடுவது, வாய்க்கால் வெட்டுவது, பண்ணைக்குட்டை தோண்டுவது என எல்லாக் குத்தகை வேலையிலும் இதே கணக்குதான். பேச்சு முழத்தில் இருந்தாலும் அளப்பது டேப்பாக இருக்கட்டும். வேலை தொடங்கும் முன்பே இரு தரப்பும் பார்க்க ஒரு குச்சியில் அளவைக் குறித்து வைத்துவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

காலடி ஒன்று, கெஜம் ஒன்றா?

"ஒரு எட்டு ஒரு கெஜம்" என்று வைத்துக்கொண்டு வயலை நடந்து அளப்பது பரவலான பழக்கம். கணக்கு எளிது. ஒரு ஏக்கர் 4,840 சதுர கெஜம். சதுர வயலாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 70 கெஜம். ஆகவே 70 எட்டுக்கு 70 எட்டு இருந்தால் ஒரு ஏக்கர் என்று முடிவு செய்கிறோம்.

ஆனால் சாதாரண நடையில் பலருக்கும் ஓர் எட்டு இரண்டரை அடி, அதாவது 75 செ.மீ. அளவுக்குத்தான் வரும். சேற்றிலும் வரப்பிலும் இன்னும் குறையும். 75 செ.மீ. எட்டு என்றால் 70 எட்டு 52.5 மீட்டர்தான். அந்தச் சதுரத்தின் பரப்பு 68 சென்ட். ஏக்கர் என்று நினைத்த நிலத்தில் 32 சென்ட் இல்லை.

இந்த வயலில் நடவு முடிந்து, பியூட்டாகுளோர் 50 ஈசி களைக்கொல்லியை ஏக்கருக்கு 1 லிட்டர் என்ற அளவில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். 68 சென்ட்டுக்கு வேண்டியது 680 மில்லிதான். போட்டது ஒன்றரை மடங்குக்கு அருகில். இளம் நாற்று வளர்ச்சி தடைபட்டு நிற்கும். "மருந்து சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்; மருந்து சரியாகத்தான் இருந்திருக்கும். எட்டை நீளமாக வைத்து நடக்கும் பழக்கம் உள்ளவருக்கு நேர் எதிர்ச் சிக்கல்: எட்டு ஒரு கெஜத்தைத் தாண்டினால் உண்மை நிலம் பெரிதாகி, மருந்து போதாமல் களை தப்பிக்கும்.

பட்டா கையில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அதில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். 0 ஹெக்டேர் 40.50 ஏர் என்றிருந்தால் அது ஒரு ஏக்கர். ஆனால் பட்டாப் பரப்பில் வரப்பு, வாய்க்கால், கிணற்று மேடு, களம் எல்லாம் அடக்கம். மருந்தும் உரமும் பயிர் நிற்கும் பரப்புக்குத்தான். அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய புலப்படங்களில் நீளம் லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி. ஒரு சங்கிலி 22 கெஜம், 44 முழம், 66 அடி, 20.1 மீட்டர். பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட்டில் இரு முனைக் குச்சிகளுக்கு இடையே உள்ள முறையான தூரமும் அதே 22 கெஜம்தான். ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் சரியாக ஒரு ஏக்கர்.

கெஜமும் மீட்டரும் ஒன்றல்ல

ஒரு மீட்டரில் ஒரு கெஜம் போக 8.6 செ.மீ. மிச்சம் இருக்கிறது. ஒரு மீட்டர் என்பது இரண்டு முழமும், அதோடு நாலரை விரல்கடையும். ஒரு முறை அளந்தால் இந்த வித்தியாசம் தெரியாது. 100 கெஜத்தில் எட்டரை மீட்டர் குறையும்.

நிழல்வலை, தார்ப்பாய், சொட்டுநீர்க் குழாய், வேலிக் கம்பி வாங்கும்போது இதைக் கவனியுங்கள். கடையில் பேச்சு வழக்கில் "கெஜம்" என்பார்கள். விலை மீட்டருக்கா கெஜத்துக்கா என்று கேளுங்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நாடு மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது. வணிகத்தில் மீட்டர்தான் சட்டப்படியான அளவு. பில்லில் மீட்டர் என்று எழுதி வாங்குவது உங்கள் உரிமை.

நடவிலும் இதே குழப்பம் வரும். பரிந்துரை 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 1,012 கன்றுகள். அதை 2 கெஜத்துக்கு 2 கெஜம் என்று எடுத்துக்கொண்டால் 1,210. கன்று வாங்கும்போதே 198 கன்றுகளுக்குக் கூடுதல் பணம் போகிறது.

பரிந்துரைக்குள் இருக்கும் சாணும் முழமும்

வேளாண் பரிந்துரைகளில் 45, 90, 180 என்ற எண்கள் அடிக்கடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒரு முழம், ஒரு கெஜம், ஒரு பாகத்தோடு ஏறக்குறைய பொருந்திப் போகின்றன. ஆகவே சரியான முழக்கோல் கையில் இருந்தால் மீட்டர் பரிந்துரையை அப்படியே வயலுக்குக் கொண்டுபோகலாம்.

மஞ்சளுக்கு 45 செ.மீ. வரிசை இடைவெளி என்றால் ஒரு முழம்; செடிக்குச் செடி 15 செ.மீ. என்றால் முழத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாழைக்கு 1.8 மீட்டர் என்றால் ஒரு பாகம். தென்னைக்கு அடிமரத்திலிருந்து 1.8 மீட்டர் வட்டத்தில் உரம் இட வேண்டும் என்றால், நாலு முழக் கயிற்றை மரத்தில் கட்டிச் சுற்றி வந்தால் வட்டம் கிடைத்துவிடும். பலர் மரத்தின் அடியிலேயே உரத்தைக் கொட்டுகிறார்கள். அந்த நாலு முழக் கயிறு அவர்களுக்கு நல்ல பாடம்.

மண் மாதிரி எடுக்கும் ஆழமும் அப்படித்தான். நெல், நிலக்கடலைக்கு 15 செ.மீ. பருத்தி, கரும்பு, வாழை, காய்கறிக்குச் சுமார் 22 செ.மீ., அதாவது ஒரு சாண். மரப்பயிர்களுக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனி மாதிரி. கடைசி ஆழம் ஏறக்குறைய ஒரு கெஜம். மண்வெட்டிக் காம்பில் இந்த அளவுகளைக் கோடிட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் டேப் தேட வேண்டாம்.

குதிரைக்கு வேறு கை

ஆங்கிலத்தில் "ஹேண்ட்" என்று ஓர் அளவு உண்டு. அதைக் "கை" என்று மொழிபெயர்த்ததும் நாம் முழம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது கட்டைவிரலோடு சேர்த்த உள்ளங்கையின் அகலத்திலிருந்து வந்த அளவு: 4 அங்குலம், 10.16 செ.மீ. ஒரு கெஜத்தில் இப்படி 9 ஹேண்ட் உண்டு. ஒரு முழத்தில் நாலரை.

இது இன்று குதிரையின் உயரத்துக்கு மட்டுமே பயன்படுகிறது. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டிலிருந்து தரை வரை அளப்பார்கள். 14 ஹேண்ட் என்றால் 56 அங்குலம், 142 செ.மீ. அதை முழமாக எடுத்தால் 21 அடி உயரக் குதிரை ஆகிவிடும்! இன்னொரு கவனம்: 14.2 என்று எழுதியிருந்தால் அது பதினாலும் தசமம் இரண்டும் அல்ல. 14 ஹேண்டும் 2 அங்குலமும். மொத்தம் 58 அங்குலம், 147 செ.மீ.

குதிரை வளர்க்காதவர்களுக்கும் இந்த அளவால் ஒரு பயன் உண்டு. இறவை நிலக்கடலைக்கு 30க்கு 10 செ.மீ. இடைவெளி என்பார்கள். விதை ஊன்றும் பெண்கள் தங்கள் உள்ளங்கை அகலம் கட்டைவிரலோடு சேர்த்து எவ்வளவு வருகிறது என்று ஒருமுறை அளந்துகொண்டால், விதைக்கு விதை 10 செ.மீ. விடுவது எளிது.

முழக்கோல் செய்யும் முறை

இதற்கு ஒரு மணி நேரம் போதும். செலவு பெயிண்டுக்கு மட்டும்தான்.

1. நேரான, நன்றாகக் காய்ந்த மூங்கில் கழி ஒன்றை 183 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். இது ஒரு பாகம், 2 கெஜம்.

2. ஒரு பக்கம் சிவப்பு பெயிண்டில் 22.9, 45.7, 91.4, 137.2 செ.மீ. இடங்களில் கோடு போடுங்கள். இவை சாண், முழம், கெஜம், மூன்று முழம்.

3. மறுபக்கம் வெள்ளைப் பெயிண்டில் 10, 15, 20, 25, 30, 60, 75, 90, 100, 150 செ.மீ. இடங்களில் கோடும் எண்ணும் எழுதுங்கள்.

4. உங்கள் சாண், முழம் இரண்டையும் கோலில் வைத்துப் பாருங்கள். உங்கள் முழம் கோலின் முழத்தைவிட இரண்டு விரல் குறைவு என்று தெரிந்தால், கோல் இல்லாத இடத்தில் ஒவ்வொரு முழத்துக்கும் இரண்டு விரல் சேர்த்துக்கொள்ளலாம்.

5. டேப்பால் 30 மீட்டர் குறித்து, இயல்பான நடையில் நான்கு முறை நடந்து எட்டுகளை எண்ணுங்கள். 120 மீட்டரை மொத்த எட்டுகளால் வகுத்தால் உங்கள் எட்டின் நீளம் கிடைக்கும். அதை மறக்காமல் எழுதி வையுங்கள்.

நீண்ட தூரத்துக்குக் கயிறு வேண்டும். நைலான் கயிறு இழுத்தால் நீளும். தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் அளவு மாறும். மெல்லிய கட்டுக்கம்பியில் முழத்துக்கு ஒரு துணி முடிச்சு கட்டினால் அளவு மாறாது. மூலை சரியாக அமைய 12 கெஜக் கயிற்றில் 3, 4, 5 கெஜமாகப் பிரித்து முடிச்சிட்டு, முனைகளைச் சேர்த்து, முக்கோணமாக இழுத்து முளைக்குச்சி அடியுங்கள். 3 கெஜமும் 4 கெஜமும் சேரும் மூலை நேர்மூலையாக இருக்கும்.

கோணல் நிலமாக இருந்தால் எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கும் பழக்கத்தை விடுங்கள்; அது பரப்பைக் கூட்டிக் காட்டும். எதிர் மூலைகளுக்கு இடையே ஒரு மூலைவிட்டம் போட்டு அதை அளங்கள். மற்ற இரண்டு மூலைகளிலிருந்தும் அந்தக் கோட்டுக்கு நேர்க்குத்தாக உள்ள தூரங்களை அளந்து கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை மூலைவிட்ட நீளத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் பரப்பு. அளந்தது கெஜத்தில் என்றால் விடையை 48.4ஆல் வகுத்தால் சென்ட். மீட்டரில் என்றால் 40.5ஆல் வகுங்கள். முழத்தில் என்றால் 193.6ஆல் வகுங்கள். கைப்பேசிச் செயலியால் பரப்பு பார்ப்பவர்கள் பெரிய நிலத்துக்கு அதை நம்பலாம். பத்துப் பதினைந்து சென்ட் துண்டுக்கு மூலையில் வரும் இரண்டு மூன்று மீட்டர் பிசகே கணக்கைக் கெடுத்துவிடும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

கூட்டங்களில் "1.8 மீட்டர்" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் அதைத் தன் முழமாக மாற்றித்தான் மனதில் வைத்துக்கொள்வார். அந்த மாற்றத்தை நீங்களே செய்து கொடுங்கள்: "1.8 மீட்டர், அதாவது கோல் முழத்தில் நாலு." மருந்து அளவை ஏக்கருக்கு மட்டும் சொல்லாமல் 10 சென்ட்டுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறு குறு விவசாயிகளிடம் ஏக்கர் கணக்கில் வகுத்துப் பார்க்கச் சொல்வது அவர்களிடம் ஒரு தவறைக் கொடுத்துவிட்டு வருவது போல.

ஒவ்வொரு உழவர் ஆர்வலர் குழுவுக்கும் ஒரு முழக்கோல் செய்து வையுங்கள். நடவுக்கும் குழி குறிப்புக்கும் போகும் கொத்தனாரும் கூலியாளும் அந்தக் கோலையே எடுத்துப் போகட்டும். அந்த ஊரில் "நாலு முழம்" என்றால் எல்லா வயலிலும் ஒரே நீளமாக இருக்கும்.

"வெறுங்கை முழம் போடுமா?" என்ற பழமொழியைக் கையில் காசு இல்லாதவருக்குச் சொல்வோம். நடவுக்கு நிற்கும் விவசாயிக்கும் அது பொருந்தும். இந்தப் பட்டத்தில் கன்று எடுக்கக் கிளம்பும் முன் ஒரு மூங்கிலை வெட்டி அளவு போட்டுவிடுங்கள். எத்தனை கன்று வாங்க வேண்டும் என்ற கணக்கும் அப்போதே சரியாகிவிடும்.